ஏரம்புவின் கை பதித்த காசு

சாட்டிக் கடற்கரைக்குப் போகும் வீதியில் விநாயகமூர்த்தியின் பலசரக்குக் கடை இருந்தது. அந்தக் கடையில் காசு குளிக்கும்.

எல்லாக் காசும் அல்ல. வயல் செய்கிற கமக்காரரின் காசு நேரே மேசை லாச்சிக்குள் விழும். கடற்காரரின் காசு மீன் மணத்தோடு வந்தாலும் அதுவும் நேரே விழும். பனை ஏறுகிறவர்கள் கொண்டுவரும் சில்லறைக்குத்தான் குளிப்பு. நீளப் பிடி போட்ட சிரட்டை அகப்பை ஒன்றை விநாயகமூர்த்தி மேசைக்கு மேலால் நீட்டுவார். காசை அதற்குள் போடவேண்டும். அவர் அதைப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்புக்குள் கவிழ்ப்பார். பின்னேரம் செம்பை வடித்து, காசைத் துடைத்து, லாச்சியில் சேர்ப்பார். தாள் காசுக்கு மட்டும் குளிப்பு இல்லை. தாள் நனைந்தால் கிழிந்துவிடும் என்பதால், தீட்டு தாளில் ஒட்டாது என்று அவருடைய சாத்திரம் கொஞ்சம் இளகிக் கொடுத்திருந்தது. பத்து ரூபாவுக்கு மேலே மனிதர் எல்லோரும் சுத்தமானவர்கள்.

இந்தக் குளிப்பை ஊரில் யாரும் புதினமாகப் பார்க்கவில்லை. பார்த்தவர் வின்சன்ற் ஒருவர்தான். அவர் கனகாலம் ஊரில் இல்லாதவர்.

வின்சன்ற் கொழும்பில் ஒரு பொத்தான் தொழிற்சாலையில் அச்சு வெட்டிக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர், றெயில்வேக்காரர், ஆஸ்பத்திரி வாசல் காவலாளி என்று சீருடை போட்ட அதிகாரம் அத்தனைக்கும் பித்தளைப் பொத்தான் செய்து முன்பக்கத்தை மூடிவிட்டது தானே என்று பெருமையாகச் சொல்லுவார். எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பு எரிந்தது. அகதிக் கப்பலில் மனைவி மேரிஜோசப்பினோடும் ஒரு சாக்கு ஆயுதத்தோடும் ஊர் வந்து இறங்கினார். உளி, அரம், சம்மட்டி என்று அவர் விளங்கப்படுத்தும்வரை, துறைமுகத்தில் அந்தச் சாக்கைக் கண்டவர்கள் வேறு ஆயுதம் என்று நினைத்து அவருக்கு மரியாதை கொடுத்தார்கள்.

ஊர் இருந்த தீவில் யாருக்கும் பித்தளைப் பொத்தான் தேவைப்படவில்லை. ஆகவே வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்தத் தொடங்கினார். வேதக்காரக் குடும்பம்தான். ஆனால் கொழும்பில் கண்டபடி புத்தகம் வாசித்ததில் கடவுள் கழன்று போயிருந்தார். அவருடைய பங்கையும் சேர்த்து மேரிஜோசப்பினே அந்தோனியார் கோயிலில் முழந்தாளில் நின்று சமாளித்து வந்தாள்.

ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள் கடைக்குப் போனபோது, பனை ஏறும் ஏரம்பு அகப்பைக்குள் காசு போடுவதை அவர் கண்டார். ஏரம்பு வாங்கியது ஒரு நெருப்புப்பெட்டி. செம்புக்குள் காசு முங்கிய சத்தம் வின்சன்றின் காதில் வீடு வரை கேட்டது. விசாரித்ததில் இன்னொரு கதையும் தெரியவந்தது. ஏரம்புவின் மகள் மீனலோசனி பெரிய வகுப்புப் படிக்கிறவள். அகப்பையைக் கண்ட நாளிலிருந்து அவள் அந்தக் கடைப் படி மிதிப்பதில்லை. சீனி வேண்டுமென்றால் ஊர்காவற்றுறைச் சந்தைவரை வெயிலில் நடந்து போய் வருகிறாள். விநாயகமூர்த்திக்கு அதில் கவலை இல்லை. மரமேறிக்குப் பிறந்த பிள்ளைக்கு மீனலோசனி என்று பெயர் வைக்கலாமா என்பதுதான் அவருடைய கவலை.

வின்சன்ற் போய் விநாயகமூர்த்தியோடு வாதாடினார். தண்ணீரில் கழுவினால் போகிற தீட்டு, கழுவுகிற தண்ணீரில் ஒட்டாதா என்று கேட்டார். விநாயகமூர்த்தி யோசித்துவிட்டு, அந்தத் தண்ணீரை வேலிக்கரைக் கத்தரிச் செடிக்குத்தான் ஊற்றுவதாகச் சொன்னார். அந்தக் கத்தரிக்காயைச் சாப்பிடுவது யார் என்று கேட்டதற்கு, விற்பதற்குத்தான் என்றார். இந்த மாதிரி ஆளை வாதத்தால் மடக்க ஏலாது என்று வின்சன்றுக்குப் பட்டது.

எண்பத்தாறாம் ஆண்டு ஒரு வதந்தி வந்தது. இயக்கத்துப் பெடியள் சொந்தமாகக் காசு அடிக்கப்போகிறார்களாம். கடையிலும் கரையிலும் இதுதான் கதை. காசில் என்ன படம் வரும் என்று ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நின்று வாய்த்தர்க்கப்பட்டார்கள். வின்சன்ற் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "இருக்கிற காசில சிங்கம். வரப்போற காசில இன்னொரு மிருகம். ஏன் அண்ணை, காசில கிடக்கிறதெல்லாம் கடிக்கிற சாதியாய்த்தான் இருக்கவேணுமோ? உழைக்கிறதில ஒண்டையும் போடமாட்டினமோ?"

அப்படியென்றால் மாடு போடலாம் என்று ஒருவர் சொன்னார். கழுதையும் உழைக்கிறதுதான் என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். வின்சன்ற் சிரிக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவருக்குள் ஒரு நாட்டின் நாணயம் பிறந்துவிட்டது. நாடு மட்டும்தான் இல்லை.

அடுத்த நாள் பனங்கூடலுக்குள் போய், மரத்தால் இறங்கிய ஏரம்புவைப் பிடித்து நிறுத்தி, கையைக் காட்டச் சொன்னார். ஏன் என்று விளங்கப்படுத்தினார். தன் காசில் ஏரம்புவின் கை இருக்கும். அந்தக் காசை விநாயகமூர்த்தி அகப்பை இல்லாமல், தன் சொந்தக் கையால் வாங்கி, அதற்கு ஒரு சாமான் தரவேண்டும். ஒருமுறை நடந்தால் போதும்.

ஏரம்பு தன் வலக்கையை விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோதிர விரலில் பாதி இல்லை. பாளை சீவும் கத்தி எப்போதோ கொண்டு போய்விட்டது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"விரல் அரைவாசியெல்லோ வின்சன்ற் அண்ணை. காசும் அரை விலைக்குத்தான் போகும்."

"பரவாயில்லை. அசையாமல் பிடியும்."

"காசில கள்ளு மணந்தால் என்னைக் கேக்கக்கூடாது."

உடைந்த இயந்திரத்தின் உருக்குத் துண்டொன்றில் வின்சன்ற் அச்சு வெட்டினார். பொலிஸ்காரரின் பொத்தானில் சிங்கத்தின் பிடரியை மயிர் மயிராக வெட்டிய உளி, இப்போது ஏரம்புவின் உள்ளங்கைக் காய்ப்பை வெட்டியது. பாதி விரலைப் பாதியாகவே வெட்டினார். மறுபக்கத்தில் ஒரு பனை, ஒரு வள்ளம், "ஒரு பாடு" என்ற எழுத்து. கடலில் ஒரு தரம் போய் வந்து கிடைக்கிற உழைப்பைக் கடற்காரர் பாடு என்பார்கள். அதுவே அவருடைய நாணயத்தின் பெயர்.

அச்சு ஆயிற்று. உலோகம் வேண்டுமே. குசினியில் மேரிஜோசப்பினின் சோறு வடிக்கிற அலுமினியச் சட்டி காணாமல் போனது. அவள் முதலில் காகத்தைச் சந்தேகித்தாள். சட்டியைத் தூக்குகிற காகம் இல்லை என்று தெளிந்து பின்வளவுக்குப் போனபோது, சட்டி வட்டம் வட்டமாக வெட்டுண்டு கிடந்தது. புருசன் ஒவ்வொன்றாக அச்சுக்குள் வைத்துச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். கையில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பளபளவென்று நல்லாய்த்தான் இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

காசு பிறந்துவிட்டது. அதை யாரும் வாங்கவில்லை.

வின்சன்ற் கடைக்குக் கொண்டு போய் மேசையில் வைத்து ஒரு சவர்க்காரம் கேட்டார். விநாயகமூர்த்தி அதைத் தூக்கிப் பார்த்து, சேட்டுக்குப் பொத்தானாகத் தைக்க ஓட்டை இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். மீன் விற்கிறவன் ஒருத்தன் வலையில் கட்டப் பாரம் காணாது என்றான். வாசிகசாலையில் கரம்போர்ட் விளையாடுகிறவர்கள் மட்டும் ஒன்றை ஆசையாக வாங்கி, அது மேசையில் வழுக்காததால் அடுத்த நாளே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

பிறகுதான் கத்தரீனா வந்தாள். பக்கத்து வளவுக்காரி. வலையில் மீன் கழற்றும்போது கெளிற்று மீனின் முள் குத்தி, அவளுடைய கை பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. மேரிஜோசப்பினோடு கதைத்துக்கொண்டிருந்தவளின் கண் யன்னலில் கிடந்த காசில் விழுந்தது. வெள்ளை நிறம். அதில் ஒரு கை.

அந்தத் தீவுகளில் கண் நோவுக்கு வெள்ளிக் கண்ணும், கால் நோவுக்கு வெள்ளிக் காலும் கோயிலுக்கு நேர்ந்து கொடுப்பார்கள். அதில் சைவமும் வேதமும் ஒன்றுதான். அம்மனுக்குப் போனால் உண்டியலில் விழும். அந்தோனியாருக்குப் போனால் சுருபத்தின் காலடியில் கிடக்கும். சண்டைக் காலத்தில் வெள்ளி கிடையாது. தட்டார் வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் கனடா போய்விட்டார்கள். கத்தரீனா வின்சன்றைக் கேட்கவே இல்லை. காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போய் அந்தோனியார் காலடியில் வைத்தாள். சில நாளில் வீக்கம் வற்றியது. கெளிற்று முள்ளின் வீக்கம் சில நாளில் வற்றுகிற வீக்கம்தான். அதை யார் கேட்டார்கள்?

அந்தக் கிழமையே வாசல் படலையில் ஆட்கள் வந்து நின்றார்கள். மணிக்கட்டு நோவு, விரல் முடக்கு, தோள் இழுப்பு. முட்டையும் கருவாடும் ஒடியல் மாவும் கொண்டுவந்தார்கள். இது காசு என்று வின்சன்ற் தொண்டை வறளச் சொன்னார். ஓம் ஓம் என்று கேட்டுவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இது வெள்ளி இல்லை, சட்டி என்று சொன்னார். சண்டைக் காலம் என்று கடவுளுக்குத் தெரியாதா என்றார்கள். கடவுளே இல்லாத காசு அடிக்க வெளிக்கிட்ட மனிதர் இரண்டு சமயத்துக்கும் நேர்த்தி சப்ளை செய்கிற நிலைக்கு வந்து சேர்ந்தார்.

"காசுக்கு ஆராவது சாமான் தரவேணும் எண்டு நிண்டியள்," என்றாள் மேரிஜோசப்பின், முட்டையைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு. "தருகினம்தானே. பிறகேன் முகம் இப்பிடிக் கிடக்கு?"

"இது விக்கிறது. நான் கேட்டது குடுத்து வாங்கிறது."

"எனக்கு ரெண்டும் பொரிச்சால் ஒரே ருசிதான்."

ஒருநாள் இயக்கம் ஒன்றைச் சேர்ந்த இரண்டு இளைஞர் சைக்கிளில் வந்தார்கள். எந்த இயக்கம் என்று கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. மூத்தவன் ஒரு காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆரைக் கேட்டு அண்ணை காசு அடிக்கிறியள் என்று மெதுவாகக் கேட்டான்.  காசு என்று சொன்னால் ஆபத்து. நேர்த்தி என்று சொன்னால் வாழ்நாள் கொள்கை போச்சு. இரண்டுக்கும் நடுவில் வின்சன்ற் வாயைத் திறந்தபடி நின்றார்.

குசினி வாசலில் நின்று மேரிஜோசப்பின் சொன்னாள்: "அது காசில்லைத் தம்பி. கை நோவுக்கு நேருற சாமான்."

மூத்தவன் காசை இன்னொரு தரம் பார்த்தான். அவன் குரல் மாறிவிட்டது. "கால் இல்லையோ அக்கா? அம்மாவுக்கு முழங்கால் ஏலாது."

கால் இனித்தான் அடிக்கவேண்டும் என்றாள் அவள். அவன் ஒரு கையையே வாங்கிக்கொண்டு போனான். அன்று முழுவதும் வின்சன்ற் அவளோடு கதைக்கவில்லை. உயிரைக் காப்பாற்றியவளோடு கோபிப்பது நியாயமில்லை என்று அவருக்கே தெரிந்தபடியால், சோற்றை மட்டும் வாங்கிச் சாப்பிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் விநாயகமூர்த்தியின் வலக்கை விறைத்தது. விரல்கள் மடங்கிப்போய் அகப்பையைப் பிடிக்க ஏலாது. இடக்கையால் நீட்டினால் அகப்பை ஆடிக் காசு நிலத்தில் கொட்டுண்ணும். டொக்டர் பூச்சு மருந்து கொடுத்து, விரலை ஓயாமல் அசைத்துப் பழக்கவேண்டும் என்றார். விநாயகமூர்த்தி மருந்தைப் பூசினார். அசைப்பது வேலைக்காரர் செய்கிற காரியம் என்று விட்டுவிட்டார். அவருடைய மனைவி சிவக்கொழுந்து நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்து, கை ஒன்று வாங்கிவரச் சொல்லி அவரை அனுப்பினாள்.

அவர் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் ஒரு பை சீனியும் சுமந்துகொண்டு வின்சன்றின் வளவுக்கு வந்தார். அந்த நாட்களில் அவை அம்மனுக்கே கிடைக்காத சாமான்கள். வின்சன்ற் காசை நீட்டினார்.

"அகப்பை கொண்டுவரேல்லையோ அண்ணை?"

"கோயில் சாமானுக்கு அகப்பை என்னத்துக்கு?" என்றார் விநாயகமூர்த்தி. இடக்கையால் வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றினார். பாதி விரலோடு ஏரம்புவின் கை அவருடைய இமைமேல் கொஞ்ச நேரம் கிடந்தது.

வின்சன்றுக்கு உண்மை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் விழுங்கிக்கொண்டார். அப்போது சொல்லியிருந்தால் காசு கிணற்றுக்குள் போயிருக்கும், அவ்வளவுதான். விநாயகமூர்த்தி கையை வாங்கினார், சாமானும் தந்தார். ஆனால் யாருடைய கை என்று தெரியாமல் வாங்குவது வாங்குவது ஆகுமா? அன்று பின்னேரம் ஏரம்புவிடம் சொன்னபோது, அவர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். ஏரம்பு சிரிக்கவில்லை. கண்ணில ஒத்தினவரோ என்று மட்டும் கேட்டார். பிறகு தன் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கடலில் அந்தக் காலத்தில் நிம்மதி இல்லை. நயினாதீவுக்கு லோஞ்ச் படகு ஓடவில்லை. ஓடும்வரை நேர்த்திக் காசை மஞ்சள் துணியில் முடிந்து மணிக்கட்டில் கட்டினாள் சிவக்கொழுந்து. தினமும் மடங்கிய விரல்களுக்குள் அந்த முடிச்சை வைத்து உருட்டியபடி நூற்றெட்டுத் தரம் அம்மன் பெயர் சொல்லவேண்டும் என்றும் கட்டளை. டொக்டர் சொன்ன அதே அசைவு. டொக்டர் சொன்னபோது செய்யாததை, சாமி பெயரில் மனிதர் மறுபேச்சில்லாமல் செய்தார். விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. வின்சன்ற் இதைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் விளங்கப்படுத்தினார். அவருடைய விளக்கத்தைக் கேட்டு இன்னும் பலர் கை வாங்க வந்தார்கள்.

லோஞ்ச் ஓடத் தொடங்கிய செய்தி வந்தது. பயணத்துக்கு முதல்நாள் காலை, விநாயகமூர்த்தி கடை மேசையில் முடிச்சை அவிழ்த்து, காசை எடுத்து மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். குணமான வலக்கையால்தான். வின்சன்ற் தேயிலை வாங்கப் போயிருந்தார். உண்மையில் தேயிலைக்குப் போகவில்லை. ஏரம்பு அந்த நேரம் வருவார் என்று தெரிந்து, ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தார். ஆதி மனிதனில் தொடங்கி அகப்பையில் முடிகிற பேச்சு. ஆதி மனிதன் குகையை விட்டு வெளியே வருவதற்குள் ஏரம்பு வாசலில் நின்றார்.

"என்னடா வேணும்?" விநாயகமூர்த்தி அகப்பையை நீட்டினார்.

"நெருப்புப்பெட்டி ஒண்டு."

ஏரம்பு அகப்பைக்குள் எதையும் போடவில்லை. அகப்பையைத் தாண்டி, மேசைக்கு மேலே தன் கையை விரித்து நீட்டினார். உள்ளங்கையில் வின்சன்றின் காசு ஒன்று கிடந்தது. மேசையில் மஞ்சள் பூசிய காசு. அதிலும் கை. பாதி விரல் காசிலும் பாதி, கையிலும் பாதி.

விநாயகமூர்த்தி காசைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி காசைப் பார்த்தார். அவர் முகத்தில் நிறம் இறங்கியது.

"அது என்ர கை அண்ணை," என்றார் ஏரம்பு. வாழ்நாளில் அவரை ஐயா என்றே கூப்பிட்டவர். "இத்தினை நாளும் நீங்கள் உருட்டினது."

விநாயகமூர்த்தியின் கையிலிருந்து அகப்பை நழுவியது. மேசைக் காசை எட்டி எறிய அவர் கை எழும்பியது. ஆனால் பாதியில் நின்றது. எறிந்தால் விரல் மறுபடி மடங்கிவிட்டால்? வின்சன்ற் அந்தத் தயக்கத்தைக் கண்டார். பேச்சை மறந்துபோனார்.

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் சிவக்கொழுந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவளுடைய குரல் வந்தது: "அம்மனுக்கு நேர்ந்தாச்சு. அம்மன் அதை ஏற்றுத்தான் கையைத் தந்தவ. இனி அது தீட்டெண்டால், அம்மனுக்கெல்லோ தீட்டு. அந்தப் பழியைச் சுமக்க என்னால ஏலாது. வாங்குங்கோ."

சாத்திரத்தை இப்படி ஒரு மூலையில் நெருக்கி நிறுத்துவது வின்சன்றின் புத்தகங்கள் ஒன்றிலும் இல்லை.

விநாயகமூர்த்தி வாங்கினார். ஏரம்புவின் உள்ளங்கையில் தன் விரலை வைத்து, காய்ப்பில் தட்டுப்பட, காசை எடுத்தார். பழக்கத்தில் கை செம்புப் பக்கம் போனது. நேர்த்திக் காசைக் கழுவினால் பலன் போய்விடும் என்ற ஞாபகம் வந்து, கை திரும்பியது. லாச்சியைத் திறந்து உள்ளே போட்டார். நெருப்புப்பெட்டியை எடுத்து ஏரம்புவின் கையில் வைத்தார். காசுக்கு என்ன பெறுமதி என்றுகூட அவர் கேட்கவில்லை.

ஒரு பாடு, ஒரு நெருப்புப்பெட்டி. நாடே இல்லாத நாணயத்துக்கு அன்று ஒரு விலை பிறந்தது.

ஏரம்பு படியால் இறங்கி, ஒரு குச்சியை எடுத்துக் கிழித்தார். சுருட்டும் இல்லை, பீடியும் இல்லை. சும்மா எரியவிட்டுப் பார்த்துவிட்டு நடந்தார். அடுத்த கிழமை மீனலோசனி அந்தக் கடையில் சீனி வாங்கினாள். விநாயகமூர்த்தி அவளுக்கும் அகப்பை நீட்டவில்லை. அந்தக் கையின் பிள்ளை என்று கணக்கு.

அதைக் கேள்விப்பட்டு வின்சன்ற் இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தார். மூன்றாம் நாள் தேயிலை வாங்கப் போனபோது, ஏரம்புவோடு கூடப் பனை ஏறுகிற இன்னொருவர் கடையில் நின்றார். மேசைக்கு மேலால் அகப்பை நீண்டது. காசு முங்கியது.

வின்சன்ற் கத்தினார். விநாயகமூர்த்தி அமைதியாக விளங்கப்படுத்தினார். ஏரம்புவின் கை அம்மன் ஏற்ற கை. மற்றவர்களுடையது சும்மா கை.

வின்சன்ற் வீட்டுக்கு வந்து குசினி வாசலில் குந்தினார். ஒரு மனிதனின் கை தெய்வமான பிறகுதான் அது மனிதக் கையாக மதிக்கப்படுமென்றால், தீவில் இன்னும் எத்தனை கைகள் கிடக்கின்றன. கைக்கொரு அச்சு வெட்டினால், சமத்துவம் வந்து சேர்வதற்கு முதல் உருக்கு முடியும், தனக்குக் கண் மங்கும், சட்டி தீரும். இந்த வேகத்தில் உலகம் திருந்துவதைப் பார்க்க ஆமைகூட உயிரோடு இருக்காது என்று அவர் மேரிஜோசப்பினிடம் சொன்னார்.

அவள் உள்ளே போனாள். அவரிடமிருந்து இத்தனை நாளும் நெல்லுச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பெரிய அலுமினியச் சட்டியை எடுத்து வந்தாள். கலியாணத்துக்கு அவளுடைய தகப்பன் கொடுத்தது. அதை அவர் முன்னால் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினாள்.

"இதில எத்தினை கை வரும்?"

வின்சன்ற் சட்டியைத் திருப்பிப் பார்த்து, வட்டங்களை மனதுக்குள் கீறினார். பிறகு எழும்பி, அடுத்த ஆளின் கையைப் பார்த்துவர பனங்கூடல் பக்கம் நடந்தார்.